கடைசி இருபது பேரின் பங்கு: கேள்வி பதில்

ஒரு நாட்டு மக்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், வரிசையின் கடைசி 20 விழுக்காட்டினருக்கு மொத்த வருமானத்தில் எவ்வளவு போய்ச் சேருகிறது? இந்த ஓர் எண்ணைச் சுற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நந்தினி: பங்கு 5 விழுக்காடு என்றால் நடைமுறையில் என்ன பொருள்?

அந்த எண்ணை 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 5-ஐ 20-ஆல் வகுத்தால் கால். கடைசி 20 விழுக்காட்டில் ஒருவரின் வருமானம், சராசரியாகப் பார்த்தால், நாட்டின் சராசரி வருமானத்தில் கால் பங்கு என்று பொருள். 2014-ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில், நுகர்வுச் செலவை வைத்து அளந்த இந்தப் பங்கு 2.4 விழுக்காடு, அதாவது சராசரியில் எட்டில் ஒன்றுகூட இல்லை. ஸ்லோவேனியாவில் ஏறக்குறைய 10, சராசரியில் பாதி. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 20 வரும். அப்படி எந்த நாடும் இல்லை. படித்துக்கொண்டிருக்கும் இளைஞரும் ஓய்வுபெற்றவரும் எந்தச் சமூகத்திலும் ஒரு பகுதியாக இருப்பார்கள், அவர்கள் வருமானம் குறைவாகவே இருக்கும்.

அருள்: அமெரிக்காவுக்கு ஓரிடத்தில் 3 விழுக்காடு என்றும் இன்னோரிடத்தில் 5 என்றும் படித்தேன். எது பொய்?

இரண்டும் மெய். 3-ஐ ஒட்டிய எண், அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையுடையது. அது குடும்பங்களை வரிசைப்படுத்துகிறது. வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தை மட்டும் எண்ணுகிறது. தனியாக வாழும் முதியவரும் அதற்கு ஒரு குடும்பம், ஆறு பேர் உள்ள வீடும் ஒரு குடும்பம். 5-ஐ ஒட்டிய எண் உலக வங்கியுடையது. அது வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, ஆட்களை வரிசைப்படுத்துகிறது. வரியும் அரசு உதவியும் போக வர மிஞ்சுவதைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுபவரைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள்.

கதிர்: "தேசிய வருமானத்தில் பங்கு" என்கிறார்கள். கணக்கெடுப்பில் மக்கள் சொல்லும் வருமானமும் தேசிய வருமானமும் ஒன்றுதானா ஐயா?

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒன்றல்ல. நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் லாபம் தேசிய வருமானத்தில் உண்டு. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அது வெளியே வராது. ஆகவே செய்தித்தாளில் "தேசிய வருமானத்தில் 8 விழுக்காடு" என்று வருவது பெரும்பாலும் கணக்கெடுப்பில் அகப்பட்ட வருமானத்தின் 8 விழுக்காடுதான்.

அடுத்த சிக்கல், கணக்கெடுப்பு சில வீடுகளை மட்டுமே மாதிரியாக எடுத்துக் கேட்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் செல்லும். பெரும் பணக்காரர்கள் சிலரே; மாதிரியில் சிக்குவது அரிது. சிக்கினாலும் பதில் சொல்வதில்லை, சொன்னாலும் குறைத்துச் சொல்கிறார்கள். மேலே உள்ளவர்களின் வருமானம் விடுபட்டால் கீழே உள்ளவர்களின் பங்கு, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதற்காகத்தான் சில ஆய்வாளர்கள் வரிக் கணக்குகளையும் தேசியக் கணக்குகளையும் கணக்கெடுப்போடு இணைக்கிறார்கள். உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022 அந்த வழியில் போட்ட கணக்கு: உலக மக்களில் கீழ்ப்பாதியினருக்கு உலக வருமானத்தில் 8.5 விழுக்காடு, மேல் பத்து விழுக்காட்டினருக்கு 52. இந்த முறையிலும் ஊகங்கள் நிறைய உண்டு. ஆனாலும் எண்ணுக்கு அடியில் எந்த மொத்தம் இருக்கிறது என்பதையாவது வெளிப்படையாகச் சொல்கிறது.

மீனா: தெற்காசிய நாடுகளில் ஏழைகளின் பங்கு லத்தீன் அமெரிக்காவைவிட நன்றாகத் தெரிகிறதே?

தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலும் நுகர்வுச் செலவை அளக்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் வருமானத்தை. ஏழை கடன் வாங்கியாவது செலவழிப்பார். பணக்காரர் மிச்சம் பிடிப்பார். அதனால் செலவில் இடைவெளி பொதுவாகச் சுருங்கியே தெரியும். தெரிகிற வேறுபாட்டில் ஒரு பகுதி வெறும் அளவுகோலின் வேலை.

ஜோசப்: பங்கு குறைந்தால் ஏழைகள் மேலும் ஏழைகளாகிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

அவசியமில்லை. நூறு பேர் உள்ள நாட்டின் மொத்த வருமானம் 10,000. கடைசி இருபது பேருக்கு 5 விழுக்காடு. ஆளுக்கு 25. மொத்தம் 15,000 ஆகிப் பங்கு 4 விழுக்காடாகக் குறைந்தால், ஆளுக்கு 30. வயிறு முன்னைவிட நிறைகிறது. ஆனால் சராசரி 50 விழுக்காடு ஏறியபோது இவர்கள் ஏறியது 20 மட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. ஆளுங்கட்சி முதல் பாதியையும் எதிர்க்கட்சி இரண்டாம் பாதியையும் சொல்லும்.

ரஹீம்: நாடு வளர்ந்தால் இந்தப் பங்கு தானாக ஏறிவிடாதா?

பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறையும் என்ற கருத்தை வைத்தார். தம் கட்டுரையில் தரவு 5 விழுக்காடு, ஊகம் 95 விழுக்காடு என்று அவரே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த வரியை வசதியாக மறந்தார்கள். 2002-இல் டேவிட் டாலர், ஆர்ட் கிராய் என்ற பொருளியலாளர்கள் இருவரும் பல நாடுகளின் தரவைப் பார்த்து, கடைசி ஐந்திலொரு பகுதியினரின் வருமானம் சராசரியோடு ஏறக்குறைய அதே வேகத்தில் வளர்கிறது என்றார்கள். இதை வளர்ச்சிக்குச் சாதகமாகவே மேற்கோள் காட்டுவார்கள். திருப்பிப் படியுங்கள்: வளர்ச்சியால் மட்டும் பங்கு பொதுவாக அசைவதில்லை.

செல்வி: எது அசைக்கும்?

பிரேசிலைப் பாருங்கள். 2003-இல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்கான போல்சா ஃபமிலியா உதவித்தொகைக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் அரை விழுக்காடுதான் செலவானது. அடியில் இருப்பவர்களின் பங்கு மிகச் சிறியதாக இருக்கும்போது சிறு தொகையும் அங்கே பெரிதாகத் தெரியும். ஆனால் அதே ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியமும் வேகமாக உயர்ந்தது. அங்கே பங்கு ஏறியதற்கான பாராட்டு முழுவதையும் உதவித்தொகைக்கே கொடுத்துவிடாதீர்கள்.

பிரபு: அரசுப் பள்ளி, மருத்துவமனை எல்லாம் இந்தப் பங்கில் சேருமா?

பெரும்பாலும் சேராது. பொருள் வாங்கும்போது கட்டும் மறைமுக வரியும் கழியாது. பள்ளியைச் சேர்த்தால் ஏழையின் பங்கு கூடும், வரியைக் கழித்தால் குறையும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.