கல்லூரிப் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் எங்கே தேடுவது?

கேள்வி: தங்கை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யப் போகிறோம். அப்பா பெயிண்டர், நான் ஐடிஐ. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. எங்கெல்லாம் ஸ்காலர்ஷிப் தேடலாம்? 5,000 ரூபாய் கட்டினால் முழு ஸ்காலர்ஷிப்பில் சீட் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கன்சல்டன்சிக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். இப்படி வரும் ‘முழு ஸ்காலர்ஷிப்’ பெரும்பாலும் கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டாகத்தான் இருக்கும். ஏற்றிவைத்த கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டி அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்துவிடுவார்கள். போன 5,000 கூடப் பெரிதில்லை. அந்த வழியில் சேர்ந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்காது. அதுதான் பெரிய நஷ்டம்.

அந்தச் சலுகை அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான். தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் சீட் என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம். எந்த அறக்கட்டளை வாசலில் போய் நின்றாலும் இவ்வளவு உறுதியாக ஒரு லட்சம் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வரும். அதையும் உறுதிமொழிப் படிவத்தையும் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே ஏற்றிவிட வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபிறகு கையில் எடுத்துக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். நாங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இது கிடைக்கும் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், தம்பி யாராவது இருந்தால்.

அடுத்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்பதில் பலருக்கும் குழப்பம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உங்கள் தங்கைக்கு அது வராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அதுவும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024-25 முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த விவரத்தைப் பார்ப்பார்கள் என்பதால், நடுவில் ஓரிரு வருஷம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் அதைக் கல்லூரியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான் போகும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதற்குத் தடையில்லை. பஸ் பாஸ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுச் செலவுக்கு ஆகும்.

இனி அப்பாவின் தொழிலுக்கு வருகிறேன். நெட்டில் தேடுகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. பெயிண்டர் வேலை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் கீழ் வரும். அப்பா பதிவு செய்து, புதுப்பித்தலும் நடப்பில் இருந்தால், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு வாரியத்திலிருந்து கல்வி உதவித்தொகை உண்டு. அட்டை எங்கோ பெட்டிக்குள் கிடக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். இன்றைக்கே தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். பதிவே இல்லையென்றால், தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கும், போய்க் கேளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தையல், ஆட்டோ, சலவை, முடிதிருத்தம் என்று அமைப்புசாராத் தொழில்களுக்குத் தனித்தனி வாரியங்கள் இருக்கின்றன. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகமும், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரிலான திட்டமும் தருகின்றன. வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

சாதி, சமூகம் பற்றி நீங்கள் எழுதவில்லை. எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி எதுவானாலும் அந்தந்த நலத்துறையில் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான) ஸ்காலர்ஷிப் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இப்போதே புதிதாக வாங்கிவிடுங்கள். எல்லா விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். ஆகஸ்டில் இ-சேவை மையத்தில் கூட்டம் அள்ளும்.

மத்திய அரசில் உங்கள் தங்கைக்குப் பொருத்தமானது, தொழில்நுட்பக் கல்விக்கான அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி ஸ்காலர்ஷிப். தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஆள் தேர்வு செய்வது மதிப்பெண் வரிசைப்படி. இன்னொன்று, பிளஸ் டூவில் தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கான மத்தியத் துறை ஸ்காலர்ஷிப். வருமான வரம்பு 4.5 லட்சம், பட்டப் படிப்பின் முதல் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 12,000. இரண்டுக்கும் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில்தான் விண்ணப்பம். வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். மறைக்க வேண்டாம். எதை விட்டு எதை எடுத்தால் லாபம் என்று கல்லூரியில் கேட்டு முடிவு செய்யுங்கள். சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை என்பதும் முக்கியம். கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது விண்ணப்பம், அதுவரை வெறும் பதிவு. பிரிண்ட் எடுத்து, சான்றிதழ் நகல்களோடு செக்‌ஷனில் கொடுத்து, அனுப்பியாகிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.

பணம் அனுமதி ஆனபிறகும் கைக்கு வராமல் நிற்பதற்குத்தான் என் மேஜையில் பாதி நேரம் போகிறது. முதல் வில்லங்கம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா மு’, ஆதாரில் ‘கவிதா முருகேசன்’, பாஸ்புக்கில் ‘எம் கவிதா’ என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பெண், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கேற்றபடி மாற்றுங்கள். அதுதான் சுலபம்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. “பேங்க்ல ஆதார் கொடுத்துட்டோம் சார்” என்பார்கள். கேஒய்சிக்கு ஆதார் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக என்பிசிஐ-யில் (வங்கிகளுக்கிடையே பணம் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைப்பு) அந்தக் கணக்கைச் சேர்ப்பது வேறு. ஒரு மாணவிக்கு இரண்டு தவணை வந்துவிட்டதாகப் போர்ட்டல் சொல்கிறது, அவள் பாஸ்புக்கில் ஒன்றுமே இல்லை. ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் முகாம் போட்டுத் திறந்த கணக்கு. பாஸ்புக் எங்கே என்று அம்மாவுக்கு போன் போட்டாள். பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் இருந்தது. பணம் அத்தனையும் அந்தக் கணக்கில். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுங்கள். வேறு வங்கி காட்டினால், இப்போது பயன்படுத்தும் வங்கிக்குப் போய் ‘டிபிடி-க்கு ஆதார் சீடிங்’ (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் வர ஆதாரை இணைப்பது) என்றே எழுதிக் கொடுங்கள்.

தனியாரில் ரிலையன்ஸ் பவுண்டேஷன் மட்டும் சொல்கிறேன். முதலாண்டு மாணவர்களில் 5,000 பேருக்கு, படிப்பு முடியும்வரை மொத்தம் 2 லட்சம் வரை. ஆன்லைன் தேர்வு உண்டு, விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் எந்த ஸ்காலர்ஷிப்பையும் தொடாதீர்கள். “ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க” என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் சமூகச் சங்கம், ஜமாத், சர்ச், ஊர்க் கோயில் அறக்கட்டளை எதிலாவது கல்வி உதவி இருக்கிறதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும். அவற்றுக்கு இணையதளமே இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டு விழுந்தால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. அப்பா கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியிலிருந்து போனஃபைடும் (அங்கே படிக்கிறார் என்ற சான்று) நாலு வருஷக் கட்டண விவரமும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். தங்கைக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கீடாகிறது என்று கமெண்டில் சொன்னால், அங்கே என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.