பெரணி மூடிய சரிவில் மரக்கன்று நிற்குமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் கன்று நடப் போகும் குழுவில் இருக்கிறேன். முன்பு தீப்பிடித்த சோலை ஓரத்தில் இடுப்பளவு பெரணி மண்டிவிட்டது. மரக்கன்று எதுவும் முளைக்கவில்லை. கொளுத்திவிட்டு நடலாமா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தயவுசெய்து கொளுத்தாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பிராக்கன் பெரணி. அது வெளிநாட்டுச் செடி அல்ல, நம் மலைகளிலேயே இருப்பதுதான். தீ பட்ட இடத்தை வளைத்துக்கொள்ளும். தீயில் இலைதான் எரியும். மண்ணுக்கடியில் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்திருக்கும் தண்டு பிழைத்துக்கொண்டு, மழை விழுந்ததும் துளிர்க்கும். தப்பியிருந்த ஒன்றிரண்டு மரக்கன்றுகள்தான் சாகும்.

ஒரு புதரைக் கையால் விலக்கிப் பாருங்கள். பச்சை இலைக்குக் கீழே பழுப்புச் சருகு மெத்தையாகக் கிடக்கும். பறவை எச்சத்தோடு விழும் விதை அந்தச் சருகிலேயே தங்கிக் காய்ந்துபோகும். மண்ணைத் தொட்டு முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காது. போதாக்குறைக்கு, காய்ந்த மட்டைகள் சாய்ந்து கன்றை அமுக்கிவிடும். அதனால் இலையை வெட்டினால் மட்டும் போதாது, சருகையும் அள்ள வேண்டும்.

இலை முழுதாக விரிந்தவுடன் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டின் சேமிப்பு குறைந்திருக்கும். ஆண்டுக்கு 2, 3 முறை வீதம் சில ஆண்டுகள் விடாமல் வெட்ட வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்தினால் பட்ட பாடு வீண். மண்வெட்டியால் கொத்த வேண்டாம், துண்டான தண்டுகளும் துளிர்க்கும்.

சரிவு முழுவதையும் மொட்டையடிக்காதீர்கள்; உறைபனி இறங்கும் இடத்தில் இளங்கன்று கருகிவிடும். கன்றைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்துக்கு மண் தெரியச் சுத்தம் செய்தால் போதும். அந்தச் சோலைக்கே உரிய, முழங்காலுக்கு மேல் வளர்ந்த கன்றாக நட்டு, பக்கத்தில் குச்சி ஊன்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெட்டில் பெரணியோடு கன்றும் போய்விடும். பெரணியை அடக்குவது கடைசியில் மர நிழல்தான். மெக்சிகோவின் சியாபாசில் லக்காண்டோன் மாயா மக்கள் வேகமாக வளரும் பால்சா மரத்தை வளர்த்துத்தான் இதை ஒடுக்குகிறார்கள். பால்சா அவர்கள் மண்ணின் மரம், இங்கே கொண்டுவரக் கூடாது.

வனத்துறை அனுமதி இல்லாமல் கத்தியை எடுக்காதீர்கள். வெட்டிய பெரணியை மாட்டுக்குப் போடவும் கூடாது. தொடர்ந்து தின்றால் சிறுநீரில் ரத்தம் வரும்.

கேள்வி: பிச்சாவரத்தில் சில இடங்களில் கன்று எழாததற்கும் பெரணிதான் காரணமா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: இல்லை. மலேசியாவின் மாதாங் சதுப்புக்காட்டில், மரம் வெட்டிய இடங்களில் வேறு வகைப் பெரணி கன்றுகளை மறிப்பது உண்மை. பிச்சாவரத்தில் கோளாறு உப்பு. அந்தக் காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போனது. அதனால்தான் அங்கே முதலில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்து போக வழி செய்த பிறகு கன்று நட்டார்கள்.