சபை மனிதர்களைப் பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்தே இயேசுவைப் பின்பற்ற முடியாதா?

"இயேசுவைப் பிடிக்கிறது, சபையில் இருப்பவர்களைத்தான் சகிக்க முடியவில்லை. வீட்டிலேயே வேதம் வாசித்து ஜெபித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் எரிச்சல் புரிகிறது. நான் சபைக்குள்ளேயே வளர்ந்தவன், அங்கே நடக்கும் கூத்து எல்லாம் தெரியும். இருந்தாலும் போதாது என்றுதான் சொல்வேன். "ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் பாவம்" என்று பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் மன்னியுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள் என்று புதிய ஏற்பாடு சொல்லிக்கொண்டே போகிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் இதையெல்லாம் யாரிடம் செய்து பார்ப்பது? எரிச்சலூட்ட ஆளில்லாத அறையில் நானும் பரிசுத்தவான்தான்.

முதல் சீஷர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தான் கொல்லப்படப் போவதாக இயேசு சொல்லி முடித்ததும், அவர்களில் செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் யோவானும் வந்து வலது பக்கமும் இடது பக்கமும் தங்களுக்கு இடம் கேட்கிறார்கள். அதைக் கேட்ட மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது (மாற்கு 10). என் கணக்கில் அந்தக் கோபமும் சுத்தமானதல்ல, தாங்கள் முந்திக்கொள்ளவில்லையே என்ற வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். இயேசு யாரையும் அனுப்பிவிடவில்லை. எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டு, பெரியவனாக வேண்டுமானால் பணிவிடைக்காரனாக இரு என்கிறார். அவரைப் பின்பற்றுகிறவனுக்கு அவர் கூட்டி வந்திருக்கிற மற்றவர்களும் சேர்ந்தே வருகிறார்கள். யார் யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை.

சரி, நடைமுறையில் இது எங்கே தெரியும்? பாட்டு, சாட்சி, உபவாச ஜெபம் எல்லாம் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை ஒரு வசனத்தில் தெரியும்: "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" (மத்தேயு 18:15). சபைகளில் இந்த அளவுக்குப் புறக்கணிக்கப்படும் கட்டளை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. நாம் எல்லோரிடமும் போவோம், அந்த ஒரு ஆளைத் தவிர.

அப்படி மற்றவர்களிடம் போய்ச் சொல்வதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் ஜெபக் குறிப்பு, அதாவது எல்லோரும் ஜெபிப்பதற்காகச் சொல்லும் விஷயம். எங்கள் ஜெபக் குழுவில் ஒரு சகோதரி ஒருநாள் ஆரம்பித்தார்: "ஒரு குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபிக்கணும், பேர் வேண்டாம்." பேரைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. யார் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, "ஐயோ பாவம்" என்று நாங்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயதான ஒரு அம்மா மட்டும், "இதை அவங்ககிட்டயே கேட்டீங்களாம்மா?" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அந்தச் சகோதரி, இல்லை என்று தலையை ஆட்டினார். "அப்போ முதல்ல ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் ஜெபிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். நான் கேட்ட பல பிரசங்கங்கள் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

நாஜி அரசுக்கு அடிபணிய மறுத்த சபைப் பிரிவுக்காக, போதகராகப் போகும் இளைஞர்களை ஜெர்மனியின் ஃபின்கென்வால்டேயில் பயிற்றுவித்தவர் தீட்ரிச் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர். அங்கே ஒரு விதி வைத்திருந்தார்: உடன் பயில்கிறவனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் பேசக் கூடாது. வாய் தவறிப் பேசிவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். 1937இல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோ அந்த இடத்தை மூடியது, 1945இல் அவரைத் தூக்கிலும் போட்டார்கள். அவ்வளவு பெரிய ஆபத்து தலைக்கு மேல் இருந்தபோது புறங்கூறுவதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாரே என்று முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. யோசித்தால், அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் இருப்பவனை நம்ப முடியாவிட்டால் எதுதான் மிஞ்சும்?

அப்போஸ்தலன் பவுல் கடிதம் எழுதிய கொரிந்து சபையையும் பாருங்கள். சேர்ந்து சாப்பிட வேண்டிய இடத்தில் வசதி இருப்பவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இது கர்த்தருடைய இராப்போஜனமே (இயேசுவை நினைவுகூரும் திருவிருந்தே) அல்ல என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11). அப்பமும் திராட்சரசமும் மேசையில் இருந்தும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. மத்தேயு 18ஐ வைத்து, பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வன்முறை, பாலியல் அத்துமீறல், பணமோசடி போன்றவற்றில் "தனியாகப் போய்ப் பேசு" என்று ஒருவர் சொன்னால் கேட்காதீர்கள். சட்டத்திடம் போங்கள். அந்த வசனத்தைத் தொடர்ந்து வரும் வசனங்களில்கூட அடுத்தபடி சாட்சிகள், அதற்கும் அடுத்தபடி சபை முழுவதும் என்றுதான் இருக்கிறது. மூடி மறைக்க அங்கே இடமில்லை.

உங்கள் பிரச்சினை அந்த வகை இல்லை, ஆட்கள்தான் ஒத்துவரவில்லை என்றால், சகிக்க முடியாத அந்தச் சிலரில் உங்களை நிஜமாகவே காயப்படுத்தியவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வெறும் தொந்தரவு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்களும் நம்மைப் பொறுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். காயப்படுத்தியவரிடம் மட்டும் ஒருமுறை நேரில் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். பேசியும் சரிவராவிட்டால் வேறு சபைக்குப் போவதில் தப்பில்லை. அங்கேயும் இதே மாதிரி ஆட்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.