லேசர் சூட்டில் பிறக்கும் நுண்துளைகள்

கேள்வி: நானோ துளைகள் நிறைந்த பொருளை உருவாக்க, லேசரால் ஒவ்வொன்றாகத் துளையிடுகிறார்களா?

பதில்: இல்லை. துளைகளின் அளவையும் அடுக்கையும் முடிவு செய்வது, சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து உருவாகும் பாலிமர்தான். ஒன்றோடொன்று கலக்காத இரு வகைச் சங்கிலிகளை ஒரே மூலக்கூறாகப் பிணைத்துவிட்டால், எண்ணெயும் நீரும்போல விலக முயன்றும் பிரிந்துபோக வழியின்றி, அவை சில பத்து நானோமீட்டர் இடைவெளியில் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய பாலிமரோடு ரெசால் என்னும் பிசினைக் கலந்து, சிலிக்கான் மீது மெல்லிய படலமாகப் பூசி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் சூடாக்கினார்கள். சூடு பட்ட இடத்தில் பிசின் இறுகியது. பாலிமர் சிதைந்து வெளியேறிய இடங்கள் துளைகளாயின. சூடு படாத பகுதியைக் கரைப்பானால் கழுவிவிடலாம் என்பதால், லேசர் சென்ற தடமே பொருளின் வடிவமாகிறது. மணிக்கணக்கில் உலையில் வைத்துச் செய்யும் வேலை இமைப்பொழுதுக்குள் முடிவதுதான், என் பார்வையில், இதன் பெரும் சிறப்பு.