ஒரு பலகைக்கு இரண்டு சர்வோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அண்மையில் பலாலியிலிருந்து சென்னைக்கு ஏ.டி.ஆர். என்ற சிறிய புரொப்பெலர் விமானத்தில் போய்வந்தேன். அதன் இறக்கை, வால் பலகைகளை அசைக்க ஹைட்ரோலிக் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஏற்பாடு) கிடையாது, வெறும் கேபிள்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பெரிய ஜெட்டுகளில் மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகள் இருக்கும்போது இது பின்தங்கிய ஏற்பாடு இல்லையா? இன்னொன்று. நண்பர்களும் நானும் செய்யும் மாதிரி விமானத்தில், ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரே எலிவேற்றருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இரண்டு சர்வோ, அதாவது கட்டளைக்கேற்பப் பலகையைத் திருப்பும் சிறு மோட்டர், பூட்டினோம். இரண்டும் கொதிக்கின்றன, பலகை நடுங்குகிறது. ஒன்றைக் கழற்றினால் ஒழுங்காக வேலை செய்கிறது. ஏன்?

வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் சர்வோக்களில் இருந்தே தொடங்குவோம், அதுதான் சுவாரசியமான கேள்வி. இரண்டுக்கும் ஒரே கட்டளைதான் போகிறது. ஆனால் பத்துப் பாகை என்று ஒன்று நினைக்கும் இடமும் மற்றது நினைக்கும் இடமும் ஒன்றல்ல. ஒரு பாகை வித்தியாசம் போதும், ஒன்று ஏற்றப் பார்க்கும், மற்றது இறக்கப் பார்க்கும். பலகை நின்ற இடத்திலேயே நடுங்கும், ஆனால் இரண்டும் முழுப்பலத்தோடு தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு அங்கிருந்துதான் வருகிறது. பெரிய விமானத்தில் என்றால் நாளடைவில் பலகையும் அதன் பிணைப்புகளும் வெடிப்புக் காணும்.

எயார்பஸ் ஏ320இன் எலிவேற்றரில் ஒவ்வொரு பக்கப் பலகைக்கும், அதைத் தள்ளும் ஹைட்ரோலிக் கருவிகளான அக்சுவேற்றர்கள் இரண்டு. வழமையாக ஒன்றுதான் தள்ளும். மற்றது தன் எண்ணெயை ஒரு சிறு துவாரத்தினூடாக இப்படியும் அப்படியும் போகவிட்டுக் கூடவே வரும். அதுவும் வீண் அல்ல: துவாரம் எண்ணெயை மெதுவாகத்தான் விடும் என்பதால் பலகை காற்றில் படபடக்காது. முதலாவது பழுதானால் வேலை கைமாறும், பழுதானது வழிவிட்டுக் கூட வரும். எல்லா அக்சுவேற்றர்களும் ஒன்றாகத் தள்ளும் விமானங்களும் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் அளந்து, கட்டளையைச் சற்றே திருத்திச் சண்டையைத் தணிக்கிறார்கள்.

உங்கள் சர்வோவுக்கு இந்த வழிவிடும் குணம் இல்லை. அதன் பற்சக்கரம் இறுகினால் மற்றதையும் சேர்த்துக் கட்டிப்போடும். பாதுகாப்பைக் கூட்டுவதாக நினைத்து, இறுகக்கூடிய இடங்களை இரண்டாக்கியிருக்கிறீர்கள்.

மூன்று இருக்கிறதே என்ற கணக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1989 யூலை 19 அன்று அமெரிக்காவில் பறந்த யுனைற்றட் 232, ஒரு டிசி-10. அதிலும் தனித்தனியே மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகள். வால் எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியபோது இரண்டாம் தொகுதி எஞ்சினோடேயே போயிற்று. மற்ற இரண்டின் குழாய்களும் துண்டுகள் பறந்த அதே வால் பகுதியில்தான் ஓடின. மூன்றும் வற்றின. மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே சூ சிற்றி நகர விமானநிலையம் வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதன்பிறகு டிசி-10இல் நான்காவது தொகுதி ஒன்றும் சேர்க்கவில்லை. வாலில் ஒழுக்கு ஏற்பட்டாலும் மூன்றாம் தொகுதியின் எண்ணெய் முழுதும் போகாதபடி அடைப்பு வால்வு போட்டார்கள். நான்கு இருந்தும் எல்லாம் போன கதை வேண்டுமானால், 1985இல் 520 பேர் இறந்த ஜப்பானிய 747 இருக்கிறது.

எனக்கு அவற்றைவிடப் பயங்கரமாகத் தெரிவது பழைய போயிங் 737இன் சுக்கான்தான், அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை. இரண்டு ஹைட்ரோலிக் தொகுதிகள் வந்து ஒரே வால்வில் சந்தித்தன. 1994இல் பிற்ஸ்பேர்க் அருகே 132 பேர் இறந்த விபத்தில், அந்த வால்வு இறுகிச் சுக்கான் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. குழாய் வெடிக்கவில்லை, எண்ணெய் போகவில்லை, பிழையான பக்கம் தள்ளியது, அவ்வளவுதான்.

கிணற்றுக்கு இரண்டு மோட்டர் போட்டு இரண்டையும் ஒரே வயரில் கொடுத்தால், கரண்ட் போன அன்று வாளியும் கயிறும் வைத்திருப்பவர்தான் குளிப்பார். எயார்பஸ் ஏ380இல் இரண்டு ஹைட்ரோலிக் தொகுதிகளோடு மின்சாரத்தால் இயங்கும் அக்சுவேற்றர்களையும் கலந்து வைத்தது அதற்காகத்தான். சிலவற்றுக்குள்ளேயே சொந்த மோட்டரும் பம்பும் எண்ணெயும் இருக்கும்.

சரி, பலாலி விமானம். ஹைட்ரோலிக் முதலில் வந்தது பலத்துக்காக. ஏ.டி.ஆர். 72 ஏறக்குறைய 23 தொன், வேகமும் குறைவு. பலகை ஓரத்துச் சிறு தட்டுகளின் துணையோடு விமானியின் கைப்பலமே கேபிள் வழியாகப் போதும். ஹைட்ரோலிக் இல்லாமலும் இல்லை: இறக்கையின் பின்னால் விரியும் பிளாப், பிரேக், சக்கரங்களை ஏற்றி இறக்குவது எல்லாம் அதில்தான். கேபிள் இறுகினால்? இடது எலிவேற்றர் ஒரு விமானியின் பிடியோடும், வலது மற்றவரின் பிடியோடும் இணைந்திருக்கும். நடுவில் ஒரு பிணைப்பு. ஒரு பக்கம் இறுகினால் ஓங்கித் தள்ள அது கழன்றுவிடும், மற்றப் பக்கத்தால் ஓட்டலாம். இதிலும் வில்லங்கம் உண்டு. 2014இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஏ.டி.ஆர். 72இல் எதுவும் இறுகவில்லை, விமானிகள் இருவரும் தெரியாமல் எதிரெதிராக அழுத்தியதில் பிணைப்பு கழன்று வால் சேதமானது.

நீங்களும் எலிவேற்றரை நடுவால் வெட்டி, இரண்டு பாதிக்கும் ஒவ்வொரு சர்வோ, தனித்தனிப் பற்றரி வைத்துப் பாருங்கள். ஒரு பாதி முழுதாக மேலே இறுகினாலும் மற்றதால் இறக்க முடியுமா என்று பறக்கவிட முன்னர் கணக்குப் போடுங்கள். கட்டளை ஒரே ரிசீவரில் இருந்துதானே வருகிறது என்று கேட்பீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள், நீங்கள் அதில் ஆட்களை ஏற்றப்போவதில்லை.