வாசகர் கேள்வி: காப்பகச் சம்பளக் கணக்கு

கேள்வி: கொரோனா காலத்தில் பகல்நேரக் குழந்தைகள் காப்பக ஊழியர்களின் சராசரி மணிச் சம்பளம் கூடியதாக நாங்கள் திரட்டிய கணக்கு காட்டுகிறது. ஊழியர்களோ யாருக்கும் கூடவில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். மணிக்கு 100 வாங்கும் உதவியாளர் 6 பேர், 150 வாங்கும் ஆசிரியர் 4 பேர் என்று வையுங்கள் (எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்). சராசரி 120. குழந்தைகள் வருவது நின்றதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் உதவியாளர்கள்தான். அவர்களில் 4 பேர் போனால், மிஞ்சிய 6 பேரின் சராசரி 133. யாருக்கும் ஒரு காசு கூட்டாமலே 11 சதவீத உயர்வு! இடைநிலை அளவை (எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) போட்டால் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். இங்கே அது 100-லிருந்து 150-க்கே தாவிவிடும்.

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் 2 கோடிக்கும் அதிகமான வேலைகள் போயின. அதே மாதம் தனியார் துறையின் சராசரி மணி ஊதியம் 1.34 டாலர் ஏறி 30.01 டாலர் ஆனதாக முதல் புள்ளிவிவரம் சொன்னது. குறைந்த சம்பளக்காரர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனதுதான் முக்கியக் காரணம்.

இதைத் தவிர்க்க, இரண்டு காலத்திலும் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களை ஆளுக்கு ஆள் ஒப்பிடுங்கள். ஊழியரின் அடையாள எண் கிடைக்காவிட்டால் பதவிவாரியாகப் பிரித்து, பழைய 60:40 விகிதத்தையே இரண்டு காலத்துக்கும் போடுங்கள். வேலை இழந்தவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை விட்டுவிட்டு "சம்பளம் குறையவில்லை" என்பது அரை உண்மை.

கேள்வி: மணிச் சம்பளம் போதுமா, மாத வருமானமும் வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டும். மணிக்கு 120 வீதம் மாதம் 160 மணி நேரம் என்றால் 19,200. மணிச் சம்பளம் 132 ஆகி, வேலை நேரம் 120 மணியாகச் சுருங்கினால் 15,840. மணிச் சம்பளம் 10 சதவீதம் ஏறியிருக்கிறது. கைக்கு வருவது 17.5 சதவீதம் இறங்கியிருக்கிறது. இடையில் விலைவாசி 8 சதவீதம் ஏறியிருந்தால் அந்த 15,840-இன் மதிப்பு பழைய விலையில் சுமார் 14,670 மட்டுமே. ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிடாதீர்கள். 2019-இன் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பள்ளி விடுமுறைக்கேற்பக் காப்பகத்தின் வேலை நேரமும் மாறும்.

கேள்வி: ஊக்கத்தொகையைச் சம்பளத்தில் சேர்க்கலாமா?

பதில்: அட்டவணையில் தனிப் பத்தியில் வையுங்கள். அமெரிக்காவில் 2021 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டத்தின்படி காப்பகங்களைத் தாங்கிப்பிடிக்க ஒதுக்கிய சுமார் 2,400 கோடி டாலரை 2023 செப்டம்பர் 30-க்குள் செலவழிக்க வேண்டியிருந்தது. இப்படி வரும் பணத்தை அடிப்படைச் சம்பளத்தோடு கலந்தால், வரும்போது பெரிய உயர்வாகவும் நிற்கும்போது சம்பள வெட்டாகவும் தெரியும். மூன்று மாதத்துக்கான தொகையை ஒரே மாதத்தில் கொடுத்திருந்தால், உழைத்த மாதங்களுக்குப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: சலுகைகளை எப்படி அளப்பது? "மருத்துவக் காப்பீடு உண்டா?" என்று கேட்டால் எல்லாக் காப்பகங்களும் "உண்டு" என்கின்றன.

பதில்: கேள்வியில்தான் கோளாறு. காப்பகம் தருகிறதா, இந்த ஊழியருக்குத் தகுதி உண்டா, அவர் பயன்படுத்தினாரா என்று மூன்றாக உடைத்துக் கேளுங்கள். பல இடங்களில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு இருக்கும். 30 மணி வரம்புள்ள இடத்தில் ஒருவரின் நேரம் 32-லிருந்து 28 ஆனால், விதி ஒரு எழுத்தும் மாறாமலே அவருக்குக் காப்பீடு போய்விடும். வேலை நிறுத்திவைக்கப்பட்ட மாதங்களில் காப்பீட்டுத் தவணையை யார் கட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

விடுப்பிலும் இதே சிக்கல். தனிமைப்படுத்தலுக்குத் தனி விடுப்பு தரப்பட்டதா, வழக்கமான நோய் விடுப்பில் கழிக்கப்பட்டதா? இரண்டாவது என்றால், வாரம் 6 நாள் வேலை பார்க்கும், 10 நாள் விடுப்பு உள்ளவருக்கு ஒரே ஒரு 14 நாள் தனிமையே (12 வேலை நாள்) 2 நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். சொந்தக் குழந்தைக்கான கட்டணச் சலுகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காப்பகம் மூடியிருந்த மாதங்களில் அதன் மதிப்பு பூஜ்யம்.

கேள்வி: மூடிவிட்ட காப்பகங்கள் பதில் அனுப்பவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் பேசினால் படம் பளிச்சென்றுதான் இருக்கும். பழைய உரிமப் பட்டியலை எடுத்து எத்தனை மூடின, அவற்றில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதையாவது குறியுங்கள். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. அவர்களுக்கு வாங்கிய கட்டணத்திலிருந்து உணவு, கிருமிநாசினி, முகக்கவசச் செலவைக் கழித்து, மிச்சத்தை உழைத்த மணிகளால் வகுங்கள். சுத்தம் செய்த நேரத்தையும் அந்த மணிகளில் சேர்க்க வேண்டும்.