🤞 எப்போது போடலாம், எப்போது கூடாது?

கேள்வி: டெண்டர் முடிவுக்குக் காத்திருந்தபோது எங்கள் லண்டன் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் 🤞 போட்டார். வெற்றிக் குறி என்று நினைத்து நான் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். இதற்கு என்ன பொருள்? நானும் பயன்படுத்தலாமா? குழுவில் ஜெர்மனி, வியட்நாம்காரர்களும் இருக்கிறார்கள்.

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ✌️ குறியில் இரண்டு விரலும் விரிந்து நிற்கும். 🤞 குறியில் நடுவிரல் ஆட்காட்டி விரல்மேல் பின்னிக் கிடக்கும். சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பலரும் குழம்புகிறார்கள். எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 🤞 2016இல் சேர்ந்தது. 2021இல் வந்த 🫰 வேறு. அது கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டும் கொரிய இதயம்.

ஆங்கிலேயர்கள் நல்லது நடக்கவேண்டும் என்று நினைக்கும்போது விரலைப் பின்னிக்கொள்வார்கள். ஆக, உங்கள் மேலாளர் சொன்னது ‘கிடைக்கணும், பார்ப்போம்’ என்பதுதான். முடிவு இன்னும் வரவில்லை, அது நம் கையிலும் இல்லை என்பது இதில் அடக்கம். தேர்வு, நேர்முகம், விசா, கிரிக்கெட்டின் கடைசி ஓவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாக்குக் கொடுக்கும் இடத்தில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ‘வெள்ளிக்கிழமை பணம் போட்டுவிடுகிறேன் 🤞’ என்றால், வருமா வராதா என்று எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதே ஆங்கிலேயப் பிள்ளைகள் பொய் சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் விரலைப் பின்னிக்கொள்வதும் உண்டு; அப்படிச் செய்தால் சொன்ன சொல் செல்லாதாம். ஜெர்மனியில் இந்தப் பொய்க்கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே ஒருவருக்கு நல்லது நடக்கவேண்டுமென்றால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி அழுத்திக்கொள்வார்கள்.

வியட்நாம்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம். அங்கே இந்தச் சைகை பெண்ணின் அந்தரங்க உறுப்பைக் குறிக்கும் ஆபாச வசை. வெளிநாட்டாருடன் பழகியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், சரி. ஆனாலும் அந்தச் சங்கடத்தை நாம் ஏன் கொடுக்கவேண்டும்? பொதுக் குழுவில் அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் 🍀 இலையைப் போடுங்கள், அல்லது நாலு வார்த்தை எழுதிவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கும் இதைத் தவிர்ப்பேன், விளையாட்டாகத் தோன்றும். 🙏 போதும்.

மேலாளருக்குத் தனிச் செய்தியில் தாராளமாக 🤞 திருப்பி அனுப்பலாம். வாழ்த்தை டெண்டர் கையில் வந்த பிறகு சொல்லுங்கள்.